கைப்பட்டையில் ஓர் எண்

அத்தியாயம் 9

"சொல்றேன்" என்று அவன் சொல்லி ஓர் இரவு ஓடிவிட்டது.

முந்தைய நாள் மாலை, விடுதியின் நீச்சல்குளத்து ஓரத்தில் அக்கா கேட்ட கேள்விக்குத்தான் அந்தப் பதில். அவள் மனைவியின் அக்கா. மனைவி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் அக்கா என்றே பழகிவிட்டான்.

"பட்டாணிய எங்ககிட்ட அனுப்பிடுங்க தம்பி. ரெண்டு வருஷம். அப்புறம் பாத்துக்கலாம்."

பட்டாணி அவன் மகள். ஆறு வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள் என்று மனைவி வைத்த செல்லப்பெயர். மனைவி காய்ச்சல் என்று படுத்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பதினோரு மாதம் ஆகிறது.

இவ்வளவு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்கு, அதன் விடுதியிலேயே அறை எடுத்து, அக்காவும் அவள் கணவரும் அவர்களை வரவழைத்தது எதற்கென்று இப்போது விளங்கிவிட்டது. பட்டாணிக்கு ராட்டினம். அவனுக்குக் கேள்வி.

அக்காவின் கைப்பையில் பள்ளிச் சேர்க்கைப் படிவம் இருந்தது. அவள் வீட்டுப் பக்கத்துப் பள்ளி. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள். தந்தையின் கையெழுத்து மட்டும் பாக்கி. நாளை கடைசி நாள். இன்று மாலை ஆறு மணிக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

அதற்குள் அவன் சொல்ல வேண்டும்.

காலை உணவுக் கூடத்தில் கரடி வேஷம் போட்ட ஒருவர் மேஜை மேஜையாக வந்து கை குலுக்கிக்கொண்டிருந்தார். மற்ற குழந்தைகள் கூச்சலிட்டன. பட்டாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்துத் தட்டைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மணி என்னப்பா?"

"எட்டரை."

"நாலு மணிக்கு இன்னும் எவ்ளோ நேரம்?"

"ஏழரை மணி நேரம். நாலு மணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"மேடத்துக்கு மீட்டிங் இருக்கும் போல," என்றார் சகலை. அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடமாக அதை மிதித்து மிதித்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் யாராவது வேகமாகப் பேசினால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

அக்கா பட்டாணியின் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு பின்னினது?"

"நான்தான்க்கா."

"ஒரு ஜடை மேல நிக்குது, ஒரு ஜடை கீழ தொங்குது. லெவல் பாக்கறதுதானே தம்பி உங்க வேலையே?"

சகலை சிரித்தார். அவனும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை அசைத்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். படித்தது கல்லூரியில், மின்சாரப் பொறியியல். கிடைத்தது இந்த வேலை, பிடித்தும் போனது. இந்த விடுதியின் லிஃப்ட் மூன்றாம் மாடியில் அரை விரல்கடை கீழே நிற்கிறது என்பதை நேற்று ஏறியதுமே கவனித்திருந்தான். அதனால் இறங்கும்போதெல்லாம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

பூங்காவின் வாசலில் நீண்ட வரிசை. சகலை நுழைவுச் சீட்டு வாங்க இன்னொரு வரிசைக்குப் போனார். குழந்தைகளுக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பேரு வேணாம். போன் நம்பர் மட்டும் எழுதினா போதும்," என்றாள் வாசலில் நின்ற பெண், பட்டையையும் பேனாவையும் நீட்டி.

அவன் கை நீட்டுவதற்குள் அக்கா வாங்கிக்கொண்டாள். "இங்க குடும்மா. இவர் எழுத்து இவருக்கே புரியாது."

அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். ஒன்றையும் ஏழையும் குழப்பினால் ஓர் உயிர் போகும் என்பாள். ஏழுக்குக் குறுக்கே எப்போதும் ஒரு கோடு போடுவாள். தலை நிமிராமல் மளமளவென்று எழுதி, பட்டாணியின் மணிக்கட்டில் இறுக்கி ஒட்டினாள்.

அவன் படித்துப் பார்க்கவில்லை. அக்கா எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை.

முற்பகல் எப்படியோ நகர்ந்தது. சுற்றும் கோப்பைகள், குட்டி ரயில், தண்ணீர்ச் சறுக்கு. எங்கே போனாலும் ஒரு பலகை. 'இங்கிருந்து நாற்பது நிமிடம்.' 'இங்கிருந்து ஒரு மணி நேரம்.' காத்திருப்பதற்கே காசு கொடுத்து வந்த மாதிரி இருந்தது.

பெரிய ராட்டினத்தில் அவனும் பட்டாணியும் மட்டும் ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் அது நின்றது. கீழே ஆட்களை ஏற்றுகிறார்கள்.

"அப்பா, இது இப்படியே நின்னுட்டா?"

"நின்னா இறக்கிவிட ஆளுங்க இருப்பாங்க."

"உன்ன மாதிரியா?"

"என்ன மாதிரிதான்."

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். "தினமும் நீ போறியே, இப்படி மாட்டிக்கிட்டவங்கள இறக்கவா?"

"ஆமா."

"தினமும் யாராச்சும் மாட்டிக்கறாங்களா?"

"பெரும்பாலும்."

"பாவம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சகலை பட்டாணியை மோதும் கார்களுக்கு அழைத்துப் போனார். "வா, உனக்கு லைசென்ஸ் எடுத்துத் தரேன்." வேலிக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் அவனும் மிஞ்சினார்கள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"யோசிச்சீங்களா?"

"யோசிக்கறேன்க்கா."

"மூணு வாரத்துக்கு முன்னாடி பிள்ளைய ஸ்கூல்ல மறந்துட்டீங்க."

"மறக்கல. மோட்டார் ரூம்ல மாட்டிக்கிட்டேன். சிக்னல் இல்ல."

"ஏழு மணி வரைக்கும் வாட்ச்மேன் பக்கத்துல உக்காந்திருந்தா. ஆறு வயசுப் பொண்ணு."

"ஒரு தடவைதான்."

"ஒரு தடவை போதும் தம்பி. மத்த நாள்ல? ஸ்கூல் விட்டா கீழ்வீட்டுத் தையல்காரம்மா. நீங்க வர ஏழு, எட்டு. அவங்க நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க மிஷின் சத்தத்துல பிள்ள என்ன பேசுதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவ போனதுக்கு அப்புறம் நீங்க அழுது நான் பாக்கல. ஒரு சொட்டு. ஏன் தம்பி?"

அவனுக்கும் அது தெரிய வேண்டும்தான். லிஃப்டின் வேகம் அளவு மீறினால் பெட்டிக்கு அடியில் இருக்கும் பிடி தண்டவாளத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். யாரும் கீழே விழமாட்டார்கள். ஆனால் பெட்டி மேலேயும் போகாது, கீழேயும் வராது. பதினோரு மாதமாக அவன் அப்படித்தான் நிற்கிறான். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அக்கா, 'அப்ப பிள்ளையும் உங்களோட அந்தரத்துலதானே நிக்குது?' என்பாள்.

"தெரியலக்கா," என்றான்.

மூன்றே முக்காலுக்கு அலைபேசி அடித்தது. கூட வேலை பார்க்கும் ஒல்லி. அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண்.

"கதவத் திறந்தா ஆள் இறங்கற அளவு எடம் இல்லடா. கையாலதான் இறக்கணும். நீ லைன்லயே இரு."

மோதும் கார்களிலிருந்து திரும்பிய பட்டாணி, அக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அவன் எழுந்தான். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பொம்மைக் கடைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"மொதல்ல மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? திரும்ப ஒரு தடவை பாரு. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது பேசிட்டே இருக்கணும். இப்ப பிரேக்க விடு. கொஞ்சமா. நிறுத்து. மறுபடியும் கொஞ்சம்."

சகலை ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார். அக்கா கழிப்பறைக்குப் போக எழுந்தாள். "நீ போய் அப்பாகிட்ட நில்லு," என்று கடைகளின் பக்கம் கையைக் காட்டினாள். இருபது அடி தூரம்தான். பட்டாணி நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஏழாம் மாடிக்கு லிஃப்ட் இறங்கியது. ஒல்லி "ஆள் வெளிய வந்தாச்சு" என்றான். அவன் திரும்பி வந்தபோது மணி நாலு பத்து.

பெஞ்ச் காலி. அக்கா கையை உதறிக்கொண்டே எதிரில் வந்தாள்.

"பட்டாணி எங்க?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"உங்ககிட்டதானே அனுப்பினேன்!"

"எங்கிட்டயா? நான் போன்ல இருந்தேன்க்கா."

"உங்களுக்குப் பின்னாடி வந்து நின்னிருப்பா. நீங்க திரும்பிப் பாத்தாத்தானே?"

சகலை நான்கு ஐஸ்கிரீமோடு வந்தார். முகங்களைப் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார். "நான் தண்ணிப் பக்கம் போறேன்," என்றார். அவர் சொன்ன பிறகுதான் தண்ணீர் என்ற ஒன்று அங்கே இருப்பது அவனுக்கு உறைத்தது. செயற்கை அலை அடிக்கும் பெரிய குளம். தூரத்தில் நூறு தலைகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

அவன் ஓடினான். கடைகளுக்குள், ரயில் நிலையத்துக்குள், கழிப்பறைகளுக்குள். ரெட்டை ஜடை போட்ட பிள்ளை எல்லாமே பட்டாணியாகத் தெரிந்தது. அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். வாய் ஓயவில்லை.

"இதுக்குத்தான் சொன்னேன். இதுக்குத்தானே தம்பி சொன்னேன்!"

பச்சைச் சட்டை போட்ட ஊழியரைப் பிடித்து நிறுத்தினான். அவர் தோளில் இருந்த கருவியில் ஏதோ கேட்டார். கரகரவென்று பதில் வந்தது.

"ஆறு வயசு, மஞ்சள் சட்டையா? வாசல்கிட்ட தகவல் அறையில இருக்காளாம் சார். பயப்படாதீங்க."

அக்கா நின்ற இடத்திலேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் அவளுக்காக நின்றான்.

தகவல் அறை கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. நீண்ட மேஜை, இரண்டு தொலைபேசிகள், மூலையில் குட்டி நாற்காலிகள். பட்டாணி அதிலொன்றில் உட்கார்ந்து வண்ணப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை. அவனைப் பார்த்ததும், "அப்பா, ஆள இறக்கிட்டியா?" என்றாள்.

அவன் தலையசைத்தான்.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஊழியப் பெண் எழுந்து வந்தாள். வழியை மறித்த மாதிரி நின்றாள்.

"நீங்க யாரு சார்?"

"அப்பா."

"இவங்க?"

"பெரியம்மா," என்றாள் அக்கா.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு சின்னக் குழப்பம். பாப்பா காணாம போகல. நேரா இங்க வந்து, 'ஒரு போன் பண்ணிக்கலாமா'ன்னு கேட்டா. தனியா வந்த குழந்தையாச்சேன்னு பட்டையில இருந்த நம்பருக்கு நாங்களே அடிச்சோம். ஒரு அம்மா எடுத்தாங்க. 'உங்க குழந்தை எங்ககிட்ட இருக்கு'ன்னேன். 'எனக்குக் குழந்தையே இல்லையே'ன்னாங்க."

"யாரு?" என்றாள் அக்கா.

"அதான் தெரியல. ஆனா வைக்கறதுக்கு முன்னாடி, 'பட்டாணிக்கு ஒண்ணும் ஆகலையே?'ன்னு கேட்டாங்க. நாங்க பேரே சொல்லல மேடம். பாப்பாகிட்ட கேட்டா, அது எங்க அம்மா நம்பர்ங்கறா. அதனாலதான் யாருகிட்டயும் விடாம வெச்சிருக்கோம்."

அவன் போய் மகளின் கையைப் பிடித்துத் திருப்பினான். ஆரஞ்சுப் பட்டையில் பத்து இலக்கம். இரண்டு ஏழு. இரண்டுக்கும் குறுக்கே கோடு.

மனைவியின் எண்.

அவள் போன இரண்டாம் மாதம் அவனே போன் கடைக்குப் போய் எழுதிக் கொடுத்து ரத்து செய்த எண். கடைக்காரர் காரணம் கேட்டார். 'தேவையில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டான்.

அக்காவும் பார்த்துவிட்டாள். கை தானாக வாய்க்குப் போனது. வேலைக்கு விண்ணப்பித்தபோதும், வங்கியிலும், ஆஸ்பத்திரியிலும், அவசரத்துக்கு யாரை அழைக்க என்று கேட்ட இடத்திலெல்லாம் அவள் பத்து வருடமாக எழுதிய எண் அது. கை எழுதிவிட்டது. அந்த எண்ணில் தங்கை இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சகலை வந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. மூன்று பேரையும் பார்த்தார். பட்டையைப் பார்த்தார்.

"யாரு இந்த நம்பர எழுதினது?"

"நான்தான்," என்றான் அவன்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன சார் நீங்க, இதுல போய்க் கவனமா இருக்க வேணாமா?" என்று ஊழியப் பெண் நியாயமாகத் திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு அடையாள அட்டை, அலைபேசியில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் காட்டினான். அவள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"அந்த அம்மா, அப்பா வந்தா பேசச் சொன்னாங்க சார்."

அவன் வெளியே வந்து எண்ணை அழுத்தினான். பத்தாவது இலக்கத்தில் திரையில் 'வீடு' என்று வந்தது. அப்படித்தான் பதிந்துவைத்திருந்தான். அழிக்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் பெரிய இயந்திரங்கள் சுழலும் சத்தம்.

"பட்டாணி அப்பாவா?"

"ஆமா."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. நீங்க யாரு?"

"நான் துணி வெளுக்கற எடத்துல வேலை பாக்கறேன் சார். ஆஸ்பத்திரித் துணி. இந்த நம்பர் எனக்குக் கடையில குடுத்து நாலு மாசம் ஆகுது. வாங்கின ரெண்டாம் நாளே பாப்பா பண்ணிடுச்சு. நான் உங்கம்மா இல்ல கண்ணு, நம்பர் மாறிப்போச்சுன்னேன். 'தெரியும்'னுச்சு."

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"'எங்கம்மா செத்துட்டாங்க. ஆனா நம்பர் இதுதான்'னுச்சு. எனக்கு வைக்க மனசு வரல சார்."

"எவ்ளோ நாளா?"

"தினமும். நாலு மணிக்கு. எனக்கு டீ நேரம். யாரோ தையல் அக்கா போனாம். அஞ்சு நிமிஷம் பேசும், வெச்சிரும். நேத்து வரல. எனக்கு டீயே இறங்கல."

"என்ன பேசுவா?"

"என்ன சாப்பிட்டா, யாரு கிள்ளினா, அதெல்லாம்தான். உங்களப் பத்தியும் பேசும். 'எங்கப்பா இன்னைக்கு மூணு பேர இறக்கினாரு'ன்னு பெருமையா சொல்லும்." அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். உங்க நம்பர் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பனான்னு தெரியல. எங்க வீட்லயும் பேச ஆள் இல்ல சார்."

அவன் அலைபேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"ஒரு வாரமா ஒரே பேச்சுதான்," என்றாள் அவள். "பெரியம்மா போன்ல தையல் அக்காகிட்ட சொன்னத கேட்டிருக்கு. பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாமே?"

"போகணும்ங்கறாளா, வேணாம்ங்கறாளா?"

"அத நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்களே கேளுங்க. இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேக்கலன்னு சொல்லுச்சு."

இயந்திரச் சத்தம் உயர்ந்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அவன் உள்ளே போனான். குட்டி நாற்காலியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அக்கா இரண்டடி தள்ளி நின்றாள்.

"பட்டாணி."

"ம்."

"பெரியம்மா வீட்டுக்குப் போய் இருக்கியா? அங்க ஸ்கூல் போவ. லீவுக்கு நான் வருவேன்."

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. யோசித்தாள்.

"அங்க போனா, நாலு மணிக்கு உனக்குப் போன் பண்ணலாமா?"

"பண்ணலாமே."

"எடுப்பியா?"

நாலு மணிக்கு அவன் பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பான். இரண்டு கையிலும் கிரீஸ் இருக்கும். அலைபேசி கருவிப் பைக்குள் கிடக்கும். 'எடுப்பேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும். அக்கா அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள் போலிருந்தது.

"எல்லா நாளும் எடுக்க முடியாதும்மா," என்றான்.

கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினாள்.

"சரி. அப்ப நான் அவங்களுக்கே பண்ணிக்கறேன்."

திரும்பவும் வரைய ஆரம்பித்தாள். கோபமில்லை, அழுகையில்லை. தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொண்ட குரல். சகலை வந்து கை கொடுத்து அவனைத் தூக்கினார்.

வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு நடக்கும்போது, போனில் அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அவன் அக்காவிடமும் சகலையிடமும் தாழ்ந்த குரலில் சொன்னான். மணி ஐந்தே முக்கால். சகலையின் காரும் அவனுடைய பழைய காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சகலை பட்டாணியை அவன் காரில் உட்காரவைத்துவிட்டு, தன் வண்டியின் சக்கரத்தில் காற்று பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு ஒதுங்கினார்.

"ஏன் நீங்க எழுதினதா சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"யாரு எழுதியிருந்தாலும் அதே நம்பரத்தான் எழுதியிருப்போம்."

அக்காவின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். அழுதாலும் வேலையை விடுகிறவள் இல்லை. கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். காரின் முன்பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். பேனாவை நீட்டினாள்.

"எனக்குப் பதில் வேணும் தம்பி."

"இன்னைக்கு இல்லக்கா."

"நாளைக்குக் கடைசி நாள்."

"தெரியும்."

"அவ சொன்னது உங்க காதுல விழுந்துச்சா? ஊரு பேரு தெரியாத ஒருத்திகிட்ட பேசிக்கறேன்னு சொல்லுது உங்க பொண்ணு."

"விழுந்துச்சு. அதனாலதான்."

அவன் குரல் உடைந்திருந்தது. அவனுக்கே அது புதிதாக இருந்தது. அக்கா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். மருந்துச் சீட்டில் புரியாத எழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு படிவத்தை நான்காக மடித்தாள். கிழிக்கவில்லை. கைப்பைக்குள் திரும்ப வைத்து மூடினாள்.

"என்னங்க!" என்று கணவரைக் கூப்பிட்டாள். "டிக்கியத் திறங்க. என் பெட்டிய எடுத்து இந்த வண்டில வைங்க."

"எந்த வண்டில?" சகலையின் கால் தரையை அழுத்தியது.

"இவங்க வண்டில. நான் இவங்களோட போறேன்."

"ஏய், கடையில லீவு சொல்லலையே. எனக்குச் சாப்பாடு?"

"அடுப்பு எங்க இருக்குன்னு காட்டித் தரவா? நாளைக்கு நாலு மணிக்கு அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு நான் கண்ணால பாக்கணும். அந்தப் பொம்பள குரல என் காதால கேக்கணும். அதுக்கப்புறம் முடிவு பண்றேன்."

"யாரு முடிவு பண்றதுக்கா?" என்றான் அவன்.

பத்து வருடத்தில் அவளை அவன் எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி. சகலை பெட்டியைப் பாதி தூக்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா அவன் காரின் பின்கதவைத் திறந்து ஏறினாள். பட்டாணியை வாரித் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். இருவரையும் சேர்த்துச் சுற்றி ஒரே பெல்ட்டை இழுத்து மாட்டப் பார்த்தாள். அது எட்டவில்லை. மறுபடி இழுத்தாள்.

"பெரியம்மா," என்றாள் பட்டாணி, மெதுவாக நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்து. "ஒரு பெல்ட்டுக்கு ஒரு ஆள்தான்."